பழைய கம்ப்யூட்டர் பூட் ஆகவில்லை என்றால் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்று அர்த்தமா?

நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்டபடி ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். வளைகுடாவிலிருந்து விடுமுறையில் கன்னியாகுமரி மாவட்டத்துக் குளச்சல் பக்கத்து வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள். வீட்டில் அப்பாவின் டெஸ்க்டாப் இருக்கிறது. 2010 வாக்கில் வாங்கியது, விண்டோஸ் 7. கல்யாண அழைப்பிதழ், திருவிழா நோட்டீஸ், நினைவு அஞ்சலி என்று ஊருக்கே அதில்தான் அடித்துக் கொடுத்திருக்கிறார். அவர் வேலையை விட்டபின் பிளக்கைப் பிடுங்கி, துணி போட்டு மூடி வைத்து மாதங்கள் ஆகிவிட்டன. இப்போது ஆன் செய்தால் முதலில் 'சிமாஸ் செக்சம் எரர்' என்று காட்டி எஃப்1 அழுத்தச் சொல்கிறது. அழுத்தினால் சில நேரம் 'ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்' என்று கறுப்புத் திரையில் நின்றுவிடுகிறது. சில நேரம் விண்டோஸ் லோகோ வரை வந்து, நீலத் திரை மின்னி மறைந்து, மறுபடியும் முதலிலிருந்து. பார்த்த கடைக்காரர், ஹார்ட் டிஸ்க் போய்விட்டது, புதிது போட்டு விண்டோஸ் ஏற்றித் தருகிறேன் என்றிருக்கிறார். எப்படி பூட் ஆக வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். அப்பா செய்த வேலையெல்லாம் திரும்பக் கிடைக்குமா என்பது அதற்குள் இருக்கும் கேள்வி. நான் அந்த இரண்டாவதை முன்னால் வைத்தே பதில் சொல்கிறேன். எதை முதலில் செய்வது, எதைத் தொடவே கூடாது என்பதெல்லாம் அதைப் பொறுத்துத்தான் மாறும்.

நான் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் வட்டாரத்தில் பல வருடமாகக் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறேன். மிஷினைக் கையில் பிடிக்காமல் சொல்வதால் சிலவற்றை அடித்துச் சொல்ல முடியும், சிலவற்றை இப்படி இருக்கலாம் என்று மட்டுமே சொல்ல முடியும். அடித்துச் சொல்லக்கூடியது ஒன்று: டிஸ்க் முழுதாகச் செத்துவிட்டது என்ற முடிவு தவறு. செத்த டிஸ்க்கிலிருந்து விண்டோஸ் லோகோ வராது.

ஏன் என்று சொல்கிறேன். பவர் பட்டனை அழுத்தியதும் மதர்போர்டில் இருக்கும் பயாஸ் என்ற ஆரம்பப் புரோகிராம் விழித்து, ராம், கீபோர்டு எல்லாம் பார்த்துவிட்டு, எந்தெந்த டிஸ்க் இணைந்திருக்கிறது என்று தேடும். தன் பட்டியலில் முதலில் இருக்கும் டிஸ்க்கின் முதல் 512 பைட்டைப் படிக்கும். அதன் கடைசி இரண்டு பைட்டில் உரிய முத்திரை இருந்தால், அங்கே இருக்கும் சின்ன புரோகிராமிடம் பொறுப்பைக் கொடுத்துவிடும். அது டிஸ்க்கில் ஆக்டிவ் என்று குறித்த பார்ட்டிஷனை, அதாவது பிரித்து வைத்த பகுதியை, தேடிப் போய், பூட் மேனேஜரை எழுப்பும். பூட் மேனேஜர் விண்டோஸின் மையப் பகுதியையும் சில டிரைவர்களையும் (பாகங்களோடு பேச உதவும் சின்ன மென்பொருள்களையும்) மெமரிக்கு ஏற்றும். லோகோ தெரிவது இந்தக் கட்டத்தில். அதுவரை டிஸ்க்கைப் படித்ததெல்லாம் பயாஸின் வழியாக. லோகோவுக்குப் பிறகு விண்டோஸ் பயாஸை ஒதுக்கிவிட்டு, தன் சொந்த டிரைவரைக் கொண்டு டிஸ்க்கோடு பேச ஆரம்பிக்கும். உங்கள் மிஷின் விழுகிற இடம் இந்தக் கைமாற்றமாக இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

முதல் செய்தியிலிருந்து ஆரம்பிப்போம், ஏனென்றால் அதுதான் எல்லோரும் எஃப்1 அழுத்திக் கடந்துபோகிற செய்தி. சிமாஸ் செக்சம் எரர் என்றால், பயாஸ் தன் அமைப்புகளை நினைவில் வைத்திருக்கும் இடத்தில் உள்ளது நம்பும்படி இல்லை என்று பொருள். பத்துக்கு ஒன்பது தடவை இதற்குக் காரணம் மதர்போர்டில் இருக்கும் காசு வடிவ பேட்டரி, சிஆர்2032, தீர்ந்துபோனதுதான். கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும் பிளக் சொருகி, சுவிட்ச் போட்டு இருந்தால் எஸ்.எம்.பி.எஸ். (உள்ளே இருக்கும் பவர் சப்ளை பெட்டி) கொஞ்சம் கரண்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும், பேட்டரிக்கு வேலை இல்லை. பிளக்கைப் பிடுங்கி மாதக்கணக்கில் போட்டால் முழுப் பாரமும் அந்தப் பேட்டரி மேல். பயாஸுக்குள் போய்த் தேதியைப் பாருங்கள். ஏதோ பழைய வருடத்தின் ஜனவரி 1 என்று காட்டினால் சந்தேகமே வேண்டாம். மல்டிமீட்டர் இருந்தால் பேட்டரியைக் கழற்றி அளக்கலாம். புதியதில் 3 வோல்ட்டுக்கு மேலேயே காட்டும். 2.7க்குக் கீழே இருந்தால் மாற்றிவிடுங்கள். வாட்ச் கடையில்கூடக் கிடைக்கும், பெரிய காசும் இல்லை. மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்சக் கரண்டை இறக்கிவிட்டு, சி.பி.யூ. பெட்டியின் பெயின்ட் இல்லாத இரும்பைத் தொட்டபின் கையை உள்ளே விடுங்கள். கூட்டல் குறி மேலே இருக்கும்படி வைக்க வேண்டும்.

பேட்டரி மாற்றினால் பூட் ஆகிவிடுமா? பெரும்பாலும் ஆகாது. 'பேட்டரி மாற்றியும் சரியாகவில்லை, அப்படியானால் டிஸ்க்தான்' என்று இந்த இடத்தில்தான் தவறான முடிவுக்குப் போய்விடுகிறார்கள். பழைய பேட்டரி சாகும்போது அப்பாவின் மிஷினில் இருந்த அமைப்புகளைக் கொண்டுபோய்விட்டது. பயாஸ் இப்போது தொழிற்சாலை அமைப்பில் நிற்கிறது. புதிய பேட்டரி அந்தத் தப்பான அமைப்பையே பத்திரமாக நினைவில் வைத்துக்கொள்ளும்.

அந்த அமைப்புகளில் உங்களுக்கு முக்கியமானது சாட்டா மோடு, அதாவது போர்டு டிஸ்க்கோடு எந்த முறையில் பேசுவது என்ற தேர்வு. பயாஸில் 'சாட்டா மோடு', 'கான்ஃபிகர் சாட்டா ஆஸ்', 'ஆன்சிப் சாட்டா டைப்' என்று போர்டுக்குப் போர்டு பெயர் மாறும். ஐ.டி.இ., ஏ.எச்.சி.ஐ., ரெய்டு என்று மூன்று தேர்வு இருக்கும், சிலதில் இரண்டு. விண்டோஸ் 7 நிறுவிய நாளில் எந்த மோடு இருந்ததோ அதற்கான டிரைவரை மட்டும் ஆரம்பத்திலேயே ஏற்றும்படி வைத்துக்கொள்ளும். மோடு மாறினால் பயாஸ் வழியாக லோகோ வரை நன்றாக வந்து, கைமாற்றத்தில் தன் டிஸ்க்கையே காணாமல் நீலத் திரை போட்டுவிடும். இதை உறுதிப்படுத்த வழி இருக்கிறது. லோகோ வருவதற்கு முன் எஃப்8 தட்டிக்கொண்டே இருங்கள். ஒரு பட்டியல் வரும். அதில் கோளாறு வந்தால் தானாக ரீஸ்டார்ட் ஆவதை நிறுத்தும் வரி ஒன்று உண்டு, அதைத் தேர்ந்தெடுங்கள். இப்போது நீலத் திரை மறையாமல் நிற்கும். 'ஸ்டாப்' என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் இருக்கும் எண், வரிசையாகப் பூஜ்யங்களுக்குப் பின் 7பி என்று முடிந்தால், நான் சொன்னது ஏறத்தாழ உறுதி. பயாஸில் ஐ.டி.இ. இருந்தால் ஏ.எச்.சி.ஐ. ஆக்குங்கள், ஏ.எச்.சி.ஐ. இருந்தால் ஐ.டி.இ. ஆக்குங்கள், சேமித்து வெளியே வாருங்கள். இது டிஸ்க்கில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாது, பலிக்காவிட்டால் திருப்பி வைத்துக்கொள்ளலாம். பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்க்கும் ரெய்டை மட்டும் தொடாதீர்கள். அப்பா ரெய்டு வைத்திருக்க வாய்ப்பு குறைவு, அதில் போய் எதையாவது 'கிரியேட்' என்று அழுத்தினால் இருப்பதும் அழியும்.

பயாஸுக்குள் போக அந்தக் காலத்துப் போர்டுகளில் டெலீட் அல்லது எஃப்2. எதிலிருந்து பூட் ஆவது என்று ஒரு தடவைக்கு மட்டும் கேட்கிற பட்டியலுக்கு எஃப்12, எஃப்11, எஃப்10, எஃப்8 என்று கம்பெனிக்கு ஒன்று. ஆன் செய்ததும் கீழே ஒரு வரியில் காட்டும். கண் சிமிட்டினால் போய்விடும், போனில் வீடியோ எடுத்து நிறுத்திப் பார்ப்பது சுலபம்.

அப்புறம் பூட் வரிசை. பென் டிரைவ், கார்டு ரீடர், பழைய நெட் செட்டர் எதாவது பின்னால் சொருகியிருந்தால் எல்லாவற்றையும் கழற்றுங்கள். வரிசை மாறிப்போன பயாஸ் அவற்றில் போய் விண்டோஸைத் தேடிக்கொண்டிருக்கும். ஒரு எச்சரிக்கை: அந்தக் காலத்துத் தமிழ் டிடிபி (அச்சுக்குப் பக்கம் அமைக்கும்) மென்பொருள்கள் சில டாங்கிள் பூட்டோடு வந்தவை. பின்னால் சொருகியிருக்கும் சின்னத் துண்டு எதுவும் உபயோகமில்லாதது என்று தூக்கி எறிந்துவிடாதீர்கள். அது இல்லாமல் அந்த மென்பொருள் திறக்காது. ஒரு கவரில் போட்டு எழுதி வையுங்கள். இன்னொன்று, பல பயாஸ்களில் இரண்டு வரிசை உண்டு. சிடி, ஹார்ட் டிஸ்க், யூ.எஸ்.பி. என்று ஒரு வரிசை; ஹார்ட் டிஸ்க்குகளுக்குள் எது முதலில் என்று தனியாக இன்னொன்று. அப்பா படங்கள் வைக்க இரண்டாவது டிஸ்க் போட்டிருந்தால் விண்டோஸ் இல்லாத டிஸ்க் முன்னால் வந்து நின்று, இதே 'பூட் டிவைஸ்' செய்தியைக் காட்டும்.

இதுவரை சொன்னது நீலத் திரைக்குச் சரி. சில நேரம் அதுகூட வராமல் கறுப்புத் திரையில் நிற்பதை இது முழுதாக விளக்காது. பயாஸ் அமைப்பு ஒன்றாக இருக்கும்போது ஒரு நேரம் ஒரு மாதிரி, இன்னொரு நேரம் வேறு மாதிரி நடந்தால், எங்கோ இணைப்பு தளர்ந்திருக்கிறது, அல்லது டிஸ்க் தயாராக நேரம் எடுக்கிறது. இது என் ஊகம், ஆனால் சோதிக்கலாம். கறுப்புத் திரையில் செய்தி வந்ததும் சுவிட்சை அணைக்காமல் கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டிஸ்க் சுழன்றுகொண்டே இருக்க, பயாஸ் மட்டும் மறுபடி ஆரம்பிக்கும். இரண்டாவது தடவை லோகோ வந்தால், குளிர்ந்த நிலையில் டிஸ்க் வேகம் பிடிக்கத் தாமதிக்கிறது, பயாஸ் அதற்குள் தேடி முடித்துவிடுகிறது. 'குயிக் பூட்' என்று இருந்தால் அதை அணைத்துவிடுங்கள், சில நொடி கூடுதலாகக் கிடைக்கும். எத்தனை தடவை செய்தாலும் டிஸ்க் பயாஸ் பட்டியலில் பெயரே காட்டவில்லை என்றால் ஒயரைப் பார்க்க வேண்டும்.

ஒயர் என்றதும் நம்ம ஊர்க் காற்றைச் சொல்லாமல் முடியாது. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் வாங்குகிற மாவட்டம். குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி மாதிரி கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் வீடுகளில் ஜன்னல் கொண்டியே சில வருடத்தில் பொரிந்துபோகும். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்வரை உள்சூடு ஈரத்தை விரட்டும். மாதக்கணக்கில் அணைந்து, துணி போர்த்தி இருந்தால் உப்பும் ஈரமும் உள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். 2017 நவம்பரில் ஒக்கிப் புயல் அடித்துப் பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தபிறகு, பூட் ஆகவில்லை என்று வந்த மிஷின்களில் பலவற்றுக்கு ராமையும் ஒயர்களையும் கழற்றித் துடைத்து மாட்டியதுதான் வைத்தியம். நீங்களும் அதையே செய்யுங்கள். டிஸ்க்கிலிருந்து போர்டுக்குப் போகும் மெல்லிய சாட்டா ஒயரையும், எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து வரும் பவர் ஒயரையும் கழற்றி மாட்டுங்கள். பழைய சாட்டா ஒயர்களில் பிடித்துக்கொள்ளும் கிளிப் கிடையாது, லேசாக இடித்தாலே நழுவும். முடிந்தால் ஒயரையே மாற்றி, போர்டில் வேறொரு சாட்டா துளையில் சொருகிப் பாருங்கள். ராமின் பொன்னிறப் பற்களைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேய்க்கலாம். உள்ளே எறும்புக் கூடோ பல்லியோ இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

ஒயர் சரியென்றால் அடுத்த சந்தேகம் எஸ்.எம்.பி.எஸ். டெஸ்க்டாப் டிஸ்க்கின் மோட்டார் 12 வோல்ட்டில் ஓடுகிறது, அதன் எலெக்ட்ரானிக் பலகை 5 வோல்ட்டில். 12 வோல்ட் கோடு 11.4க்குக் கீழே இறங்கினால் தரத்துக்குக் குறைவு என்று கணக்கு. மின்விசிறி சுற்றுகிறது, திரை வருகிறது, டிஸ்க் மட்டும் எழவில்லை என்ற நிலை இதனால் வரலாம். மல்டிமீட்டரில் மஞ்சள் ஒயருக்கும் கறுப்புக்கும் இடையில் அளந்தால் தெரியும். இல்லையா, தெரிந்தவர் வீட்டு எஸ்.எம்.பி.எஸ். ஒன்றைக் கடன் வாங்கி மாட்டிப் பாருங்கள். போர்டில் உருளை மாதிரி நிற்கும் கெப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்கிறதா என்றும் பாருங்கள், உப்பியிருந்தால் போர்டுக்கே நாள் எண்ணப்படுகிறது. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் திறக்க வேண்டாம், பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உள்ளே ஷாக் அடிக்கும்.

இத்தனைக்கும் முன்னால் செய்ய வேண்டிய ஒரு பரிசோதனைக்குக் காதும் விரலும் போதும். டிஸ்க் மேல் விரலை வைத்துக்கொண்டு ஆன் செய்யுங்கள். மெல்லிய நடுக்கத்தோடு ஒரே சீராகச் சுற்றினால் நல்லது. டிக், டிக் என்று ஒரே தாளத்தில் தட்டிவிட்டு அடங்கினால், அல்லது சுரண்டுகிற சத்தம் வந்தால், உடனே அணையுங்கள். நான் மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள். படிக்கும் தலை, தகவல் எழுதியிருக்கும் சுழல் தட்டின் மேல் இடிக்கிறது, அல்லது தன் இடம் தெரியாமல் அலைகிறது என்பதற்கு அது அடையாளம். ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் மிச்சமிருப்பதில் கொஞ்சம் போகும். ஃப்ரீசரில் வைத்தால் சரியாகும் என்று யாராவது சொல்வார்கள். நம்ம ஊர் ஈரத்தில் வெளியே எடுத்த நிமிஷத்தில் தட்டின் மேல் நீர் பூக்கும், அதோடு கதை முடிந்தது. அதே மாடல் டிஸ்க்கிலிருந்து பலகையை மாற்றிப் போடலாம் என்பதும் பாதி உண்மைதான். பல டிஸ்க்குகளில் பலகையிலுள்ள ஒரு சிப்பில் அந்த டிஸ்க்குக்கு மட்டுமான அளவீடுகள் எழுதியிருக்கும், அதையும் இடம் மாற்றினால்தான் வேலை செய்யும். டிஸ்க் சுற்றவும் இல்லை, தட்டவும் இல்லை, பட்டியலிலும் இல்லை என்றால் ஒன்று மட்டும் முயலலாம். பலகையின் நட்சத்திர முனை ஸ்க்ரூக்களைக் கழற்றி, அதன் பின்புறம் தலைக்கும் மோட்டாருக்கும் தொடுகிற பட்டைகள் கறுத்திருந்தால் ரப்பரால் துடைத்து மாட்டுவது. கடலோர வீட்டு டிஸ்க்குகளில் இது சில தடவை பலித்ததைப் பார்த்திருக்கிறேன், எப்போதும் பலிக்கும் என்று சொல்ல மாட்டேன்.

சரி, சத்தம் நன்றாக இருக்கிறது, பயாஸில் பெயர் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். விண்டோஸ் எழுந்துவிட்டாலும் எழாவிட்டாலும் அடுத்த வேலை ஒன்றுதான்: நகல் எடுப்பது. பழுது பார்ப்பது அதற்குப் பிறகு. எழும்போது 'செக் டிஸ்க்' தானாக ஓடப் போகிறேன் என்று சில நொடி கணக்குக் காட்டினால் ஏதாவது ஒரு கீயை அழுத்தி நிறுத்திவிடுங்கள். 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்' கேட்டாலும் இப்போதைக்கு வேண்டாம். நலமான டிஸ்க்கில் இவை உதவும். தளர்ந்த டிஸ்க்கில் செக் டிஸ்க் மணிக்கணக்கில் ஒவ்வொரு மூலையையும் உரசிப் பார்த்து, படிக்க முடியாத இடத்திலிருந்த கோப்புகளைத் துண்டு துண்டாக்கி வேறு பெயரில் போட்டுவிடும்.

டிஸ்க்கின் உடல்நிலையைத் தெரிந்துகொள்ள, வேறொரு கம்ப்யூட்டரில் லினக்ஸ் மின்ட் அல்லது உபுன்டு என்ற இலவச இயங்குதளத்தை இறக்கி, ரூஃபஸ் மென்பொருளால் பென் டிரைவில் எழுதுங்கள். ரூஃபஸில் பார்ட்டிஷன் முறையை எம்.பி.ஆர். என்று வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பழைய பயாஸ் கண்டுகொள்ளாது. ராம் 2 ஜிபிக்குக் குறைவாக இருந்தால் பப்பி லினக்ஸ் மாதிரி இலகுவானதைப் பாருங்கள். பென் டிரைவிலிருந்து பூட் செய்து, நிறுவாமல் அப்படியே பயன்படுத்துங்கள். 'இன்ஸ்டால்' என்ற ஐகான் திரையிலேயே இருக்கும், அதைத் தொடாதீர்கள். அங்கே டிஸ்க்குகளைக் காட்டும் மென்பொருளில் ஸ்மார்ட் என்ற தகவல் பக்கம் உண்டு. டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதிவைத்த குறிப்பு அது. நான்கு எண்களைப் பாருங்கள். 5 என்பது கெட்டுப்போனதால் வேறு இடத்துக்கு மாற்றிய செக்டார்கள் (டிஸ்க்கின் சின்னச் சின்னப் பகுதிகள்). 197 என்பது படிக்கத் திணறி, முடிவு தெரியாமல் நிற்பவை. 198 படிக்கவே முடியாதவை. இந்த மூன்றின் மூல மதிப்பும் பூஜ்யம் என்றால் மூச்சு விடலாம், இருந்தாலும் நகல் எடுங்கள். 197 கூடிக்கொண்டே போனால் அவசரம். 199 மட்டும் பெரிதாக இருந்து மற்றவை பூஜ்யம் என்றால் டிஸ்க்குக்கும் போர்டுக்கும் இடையில் ஒயர் தகராறு நடந்திருக்கிறது என்று அர்த்தம், டிஸ்க் மேல் பழி போட வேண்டியதில்லை. அந்த எண் ஒருமுறை ஏறினால் ஒயரை மாற்றியபின்னும் இறங்காது, மேலும் ஏறாமல் இருந்தால் போதும். ஸ்மார்ட் 'நலம்' என்று சொல்லியும் அடுத்த வாரம் செத்த டிஸ்க்குகள் உண்டு. அது கெட்ட செய்தி சொன்னால் நம்புங்கள், நல்ல செய்தி சொன்னால் பாதி நம்புங்கள்.

நகல் எடுப்பதில் அப்பாவின் மிஷினுக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. டெஸ்க்டாப்பிலும் டி டிரைவிலும் உள்ள கோப்புகளைப் பென் டிரைவில் இழுத்துப்போட்டால் மற்றவர்களுக்குப் போதும், உங்களுக்குப் போதாது. அன்றைக்குத் தமிழ் டிடிபி பெரும்பாலும் பேஜ்மேக்கரிலும் கோரல் டிராவிலும்தான். பேஜ்மேக்கர் 7, 2001இல் வந்த கடைசிப் பதிப்பு. அதன் கோப்புகளை இன்டிசைன் சிஎஸ்6 வரை திறக்க முடிந்தது, அதற்குப் பிறகு வந்த சிசி பதிப்புகள் திறப்பதில்லை. எழுத்துருக்களும் யூனிகோடு என்ற பொதுக் குறியீட்டில் கிடையாது. பாமினி மாதிரி எழுத்துருக்களில் தமிழ் எழுத்து ஆங்கில எழுத்தின் இருக்கையில் உட்கார்ந்திருக்கும். அந்த எழுத்துரு இல்லாத மிஷினில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத் தெரியும், கெட்டுப்போன கோப்பு என்று நினைத்து அழித்தவர்களும் உண்டு. ஆகவே விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை முழுதாக எடுங்கள். அழைப்பிதழில் வைத்த படங்கள் தனிக் கோப்பாக வேறு ஃபோல்டரில் இருக்கலாம், அவற்றையும்.

இதைவிட நல்லது, டிஸ்க்கையே அப்படியே இன்னொரு டிஸ்க்கில் நகலெடுப்பது. விண்டோஸ், பேஜ்மேக்கர், எழுத்துரு, கீபோர்டு மென்பொருள் எல்லாம் இருந்த இடத்தில் இருந்தபடி வந்துவிடும். ஸ்மார்ட் எண்கள் சுத்தமாக இருந்தால் க்ளோன்ஜில்லா என்ற நகல் மென்பொருள் போதும். 197, 198இல் ஏதாவது இருந்தால் ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருள். அது முதலில் சுலபமாகப் படிக்கிற பகுதிகளையெல்லாம் அள்ளிக்கொண்டு, அடம்பிடிக்கிற இடங்களைக் குறித்து வைத்து, கடைசியில் திரும்பி வந்து முயலும். நடுவில் கரண்ட் போனாலும் குறிப்புக் கோப்பு வைத்திருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். குறிப்புக் கோப்பைத் தனிப் பென் டிரைவில் சேமியுங்கள். எது பழையது, எது புதியது என்று டிஸ்க்கின் மாடல் எண்ணைப் பார்த்து இரண்டு தடவை உறுதி செய்யுங்கள், திசை மாறினால் வெறும் டிஸ்க் வந்து அப்பாவின் டிஸ்க் மேல் உட்கார்ந்துவிடும். புதியது பழையதைவிட ஒரு பைட்கூடச் சின்னதாக இருக்கக் கூடாது. புதிய டிஸ்க்காகச் சாட்டா எஸ்.எஸ்.டி. வாங்கலாம், அந்தப் போர்டில் முழு வேகம் கிடைக்காவிட்டாலும் வேலை செய்யும்.

நகல் கையில் வந்தபின், நகலை மாட்டிப் பூட் செய்து பாருங்கள். பழையதை எடுத்து வைத்துவிடுங்கள். 'பூட்மேனேஜர் மிஸ்ஸிங்' என்று வந்தால் விண்டோஸ் 7 டிவிடியிலிருந்து எழுப்பி ஸ்டார்ட்அப் ரிப்பேரை ஓட்டலாம், இரண்டு மூன்று தடவை ஓட்ட வேண்டி வரும். அதற்கும் மசியாவிட்டால் கமாண்ட் ப்ராம்ப்ட்டில் பூட்ரெக் கட்டளைகள். நகலில் என்ன செய்தாலும் பயம் இல்லை. எழுந்தபின் நெட் கொடுக்காமல் வைத்திருங்கள். விண்டோஸ் 7க்கு மைக்ரோசாஃப்ட் தந்த பாதுகாப்பு ஆதரவு 2020 ஜனவரி 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. நெட் ஒயர் இல்லாமல் இருப்பது இடி மின்னலுக்கும் நல்லது. ஐப்பசி இடியில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு நெட் ஒயரை மறந்ததால் போன போர்டுகள் இங்கே நிறைய.

கடைக்காரரை ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்ல மாட்டேன். மேலே எழுதியதையெல்லாம் செய்ய ஒரு நாள் பிடிக்கும், அதற்குக் கூலி சொன்னால் கொடுக்கிறவர்கள் குறைவு. புது டிஸ்க் போட்டு விண்டோஸ் ஏற்றினால் மாலைக்குள் முடிந்துவிடும், மிஷின் நிச்சயம் ஓடும். மிஷின் ஓட வேண்டும் என்று வருகிறவருக்கு அது நேர்மையான வேலைதான். உங்களுக்கு வேண்டியது வேறு என்று அவரிடம் வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டீர்கள். அவரிடமே கொடுப்பதானால், பழைய டிஸ்க்கை ஃபார்மேட் செய்யக் கூடாது, அது என் கைக்குத் திரும்பி வர வேண்டும் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

தட்டுகிற சத்தம் கேட்டால் அது என் கைக்கும் அப்பாற்பட்டது. டிஸ்க்கைத் திறந்து தலை மாற்றத் தூசி இல்லாத அறையும் அதற்கென்ற கருவிகளும் வேண்டும். அதைச் செய்கிற டேட்டா ரெக்கவரி நிறுவனங்கள் பெரிய நகரங்களில் இருக்கின்றன. செலவு நீங்கள் அந்த மிஷினுக்குப் போடும் விலையைப் போலப் பல மடங்கு வரலாம். கொடுப்பதற்கு முன், கிடைக்காவிட்டால் கட்டணம் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். அதற்கு முன்னால் வேறு யாரும் மூடியைத் திறந்திருக்கக் கூடாது.

இன்றைக்கு முதலில் டிஸ்க்கின் சத்தத்தைக் கேட்டு, அது சீராக இருந்தால் பேட்டரியை மாற்றி, சாட்டா மோடைப் பார்த்துவிட்டு, மூன்று விஷயம் எழுதுங்கள்: டிஸ்க் எப்படிச் சத்தம் போடுகிறது, பயாஸ் பட்டியலில் அதன் பெயர் ஒவ்வொரு தடவையும் வருகிறதா, நீலத் திரையில் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் என்ன எண். எண் 7பி இல்லாமல் வேறாக இருந்தால் சாட்டா மோடைப் பற்றி நான் சொன்னது உங்களுக்குப் பொருந்தாது, அப்போது ராமிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.